காது மடக்கிய முறுக்கு

தலைவருக்குக் கூட்டம் போடாமல் எந்த முடிவும் எடுக்கத் தெரியாது. கடைக்கு விளக்குமாறு வாங்குவதென்றாலும் முதலில் வரவேற்புரை, பிறகுதான் விளக்குமாறு. பழைய உலோக வியாபாரிகள் நலச் சங்கத்துக்கு அவர் தலைவர். சங்கத்தில் மொத்தம் பதினோரு பேர். அதில் நாலு பேர் டீக்காக வருகிறவர்கள், மூன்று பேர் சொந்தக்காரர்கள். ஆனாலும் யாராவது "தலைவரே" என்று கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல ஒரு விநாடி அடக்கமாக இருந்துவிட்டு அப்புறம்தான் திரும்புவார்.

இந்தத் தடவை விஷயம் பெரியது. கடையில் வந்து குவியும் பழைய வயரின் மேல்தோலை உரித்துச் செம்பைத் தனியாக எடுக்க நல்ல சாமான் ஒன்று வாங்க வேண்டும். குழு போட்டார். பெயர், 'கழிவு மின்கம்பி உறை நீக்கும் கருவித் தேர்வுக் குழு'. கரும்பலகையில் இடம் போதாமல் 'குழு' மட்டும் சுவரில் எழுதப்பட்டது.

குழுவுக்குத் தலைவர், தலைவர். உறுப்பினர் ஒன்று, அவர் மனைவி. உறுப்பினர் இரண்டு, கடையில் எடை போடுகிறவர். எல்லாரும் அவரைத் தராசு என்றே கூப்பிட்டார்கள். எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் சாய்வது அவருக்குத் தொழிலாகவும் குணமாகவும் ஆகிவிட்டிருந்தது.

குழுவில் இல்லாத ஒரே ஆள், மூன்று வருஷமாக அந்தக் கடையில் வயர் உரித்துக்கொண்டிருந்த தலைவரின் தங்கை.

"உரிக்கிறவங்களே குழுவுல இருந்தா நடுநிலை கெட்டுப்போயிடும்மா," என்று அவர் விளக்கினார்.

தங்கைக்குக் கடையில் பிளேடு என்று பெயர். பலகையில் சாய்வாகப் பிளேடு அடித்து, அதன் அடியில் வயரை நுழைத்து இழுத்து உரிக்கிறவள் என்பதால் வந்த பெயர். அவள் ஒரு நாளைக்கு இருபது வார்த்தைகூடப் பேசமாட்டாள். பேசியே அறுக்கிற நிஜமான பிளேடு அந்த வீட்டில் யார் என்பது ஊருக்கே தெரியும், தலைவரைத் தவிர.

பலகை வருவதற்கு முன்னால் அங்கே வேறு முறை இருந்தது. பின்கட்டில் ஒரு இரும்புப் பீப்பாய். வயரைப் போட்டுக் கொளுத்தினால் தோல் கருகிப் போகும், செம்பு மிஞ்சும். தலைவர் அதற்கு 'வெப்ப முறை' என்று பெயர் வைத்திருந்தார். அக்கம்பக்கத்தார் வைத்திருந்த பெயரை எழுத முடியாது. தங்கை அங்கே வேலைக்கு வந்த முதல் நாள் அந்தப் புகை மூக்கில் ஏறியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மறுநாள் அவளே ஒரு பலகையும் பிளேடும் எடுத்து வந்து உட்கார்ந்தாள். யாரும் காரணம் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

அவள் புருஷன் ஒயர்மேன். ஒரு கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் மீட்டர் அறை தீப்பிடித்தபோது அவன் உள்ளே இருந்தான் என்று சொன்னார்கள். வெளியே கொண்டுவந்ததைத் துணியால் மூடியிருந்தார்கள். தலைவர்தான் போய் அடையாளம் காட்டினார். துணியைத் தூக்கினார், சட்டைப்பையில் கட்டிங் பிளேயரைப் பார்த்தார், தாளில் கையெழுத்துப் போட்டார்.

"நம்ம மாப்பிள்ளைதான். நீ பாக்க வேணாம்மா. நான் பார்த்தா போதும்."

வீட்டுக்கு மனை பார்த்தபோதும் அவர் இதையேதான் சொன்னார். மழைக்காலத்தில் இன்றைக்கும் அந்த வீட்டுக்குள் முட்டி வரை தண்ணீர் நிற்கும். அவர் பார்த்தால் போதும் என்று அவரே சொன்ன எதுவும் அதுவரை சரியாக இருந்ததில்லை. அதனால் மூன்று வருஷமாகத் தங்கையின் மனசில் ஒரே ஒரு கேள்வி முள்ளாகக் கிடந்தது. அன்றைக்குத் துணிக்குள் இருந்தது அவன்தானா?

ஒரு மாதத்துக்கு முன்பு ஒரு மூட்டை வயர் வந்தது. நடுவில் ஒட்டுப் போட்ட இடம் ஒன்று, கறுப்பு டேப் சுற்றி. இந்த மாதிரி இடத்தில் டேப்பைக் கீறிப் பிரித்துவிட்டுத்தான் மேலே உரிக்க வேண்டும். கீறினாள். உள்ளே இரண்டு செம்பு நுனிகள் ஒன்றோடொன்று முறுக்கியிருந்தன. முறுக்கு இடப்பக்கம் போனது. ஐந்து சுற்று. கடைசியில் நுனி வெட்டப்படாமல் பின்னால் மடக்கி விடப்பட்டிருந்தது, சின்னக் காது மாதிரி.

அவள் கை நின்றுவிட்டது.

உலகத்தில் எல்லா ஒயர்மேன்களும் வலப்பக்கம் முறுக்குவார்கள். அவன் இடக்கைக்காரன். நுனியை மடக்குவது அவனுக்கு மட்டுமே இருந்த கிறுக்கு. கல்யாணமான புதிதில் அவள் கேலி செய்திருக்கிறாள்.

"இது என்ன, வயருக்குக் காது குத்தப் போறீங்களா?"

"காது இருந்தாத்தானே சொன்ன பேச்சு கேக்கும்? உன்னை மாதிரியா?"

இதில் பதற ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஊரில் பாதிக் கட்டிடத்துக்கு அவன்தான் வயர் இழுத்தான். கட்டிடங்கள் இடிபடும், வயர் இங்கே வரும், அதில் அவன் முறுக்கு இருக்கும். இருக்கத்தானே வேண்டும். அப்படி நினைத்துக்கொண்டே பாதி உரிந்து தொங்கிய தோலைத் திருப்பினாள். பலகையில் உரித்தால் தோல் ஒரே துண்டாகக் கழன்று வரும், காலுறையைக் கழற்றுகிற மாதிரி. அதன்மேல் கம்பெனியில் அச்சடித்த எழுத்து அப்படியே இருக்கும். படித்தாள். ட்ரம் எண் 417. அந்த ட்ரம்மில் சுற்றிய வயரில் அந்த இடம் எத்தனையாவது மீட்டர் என்ற கணக்கு, 212. தயாரித்த வருஷம்.

போன வருஷம்.

அவனுக்கு எல்லாம் முடிந்து இரண்டு வருஷம் ஆன பிறகு, எங்கோ ஒரு ஆலையில் பிறந்த வயர் அது.

அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"அண்ணே, இது அவரு முறுக்கு."

"இடக்கைக்காரன் ஊருக்கு ஆயிரம் பேரு இருப்பாம்மா."

"காது?"

"காது எல்லாருக்கும் இருக்கு. எனக்கே ரெண்டு இருக்கு."

அதை அவர் என்றைக்காவது பயன்படுத்தியிருந்தால் விஷயம் வேறாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் இன்னொரு துண்டு வந்தது. அதே ட்ரம், 417. மீட்டர் 160. அதே முறுக்கு. அதற்கப்புறம் 118. பிறகு 71. மூட்டை கொண்டுவந்து போடுகிறவரை நிறுத்திக் கேட்டாள்.

"இதெல்லாம் எங்கேருந்து வருது?"

"தற்காலிக லைன்தான்க்கா. கொட்டகை, கண்காட்சி, கட்டட வேலைன்னு இழுத்திருப்பாங்க. வேலை முடிஞ்சதும் அறுத்து வித்துடுவாங்க."

"இழுக்கிறது யாரு?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதான் வேடிக்கை. காலையில போனா லைன் ரெடியா இருக்கும். காண்ட்ராக்டரைக் கேட்டா நான் ஆளே அனுப்பலையேங்கிறாரு. லைட்டு எரியுது, அப்புறம் எவன் கேக்கப் போறான்?"

"இது எந்த இடம்?"

முதல் துண்டு ஊருக்கு வெளியே, புறவழிச் சாலையில். அடுத்தது பாலத்துக்கு அந்தப் பக்கம். அதற்கடுத்தது பேருந்து நிலையத்துக்குப் பின்னால். 71 வந்த நாளில் அவர் கையை நீட்டிக் காட்டினார், சும்மா கூப்பிடு தூரம்தான், மரக்கடை.

மீட்டர் குறைந்துகொண்டே வந்தது. தூரமும்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினாள். அதுதான் மறுநாள் அவளைப் பயமுறுத்தியது. யாரோ வீட்டுக்கு வருகிற வழியில் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் மட்டுமே வருகிற தூக்கம் அது.

417-ஐ அவள் ஒரு தடவைகூட முழுசாக உரிக்கவில்லை. ஒட்டுப் போட்ட இடத்தை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சுருட்டி, தனித்தனியாகக் கயிறு கட்டி, பின்சுவர் ஓரமாக ஒரு சாக்கில் போட்டு வைத்தாள். கடைசியாக வந்த துண்டில் மீட்டர் 40. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது மூட்டைக்காரர் சிரித்தார்.

"உங்க பின்சந்துதான்க்கா. யாரோ சந்துல லைட்டு போட்டிருக்காங்க. நீங்க போடலையா?"

இந்த நிலைமையில்தான் தலைவரின் குழு கூடியது.

காலை பத்தரை மணிக்கு டை கட்டிய விற்பனை அதிகாரி இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். தலைவர் கால் மணி நேரம் பேசினார். மனித குலம் கல்லாயுதத்திலிருந்து கிளம்பிப் பல வளர்ச்சிகளைக் கடந்து இன்று தன் கடை வாசலுக்கு வந்து சேர்ந்திருப்பதாகச் சொன்னார். தராசு மட்டும் கைதட்டினார். பக்கத்தில் யாரும் தட்டவில்லை என்று பார்த்ததும் கையில் தூசி தட்டுகிற மாதிரி மாற்றிக்கொண்டார்.

முதல் பெட்டியில் கையால் சுற்றுகிற சாமான். வயரை ஓட்டையில் விட்டுப் பிடியைச் சுற்றினால் தோல் கிழியும். அண்ணி சுற்றிப் பார்த்தாள். நாலு சுற்றில் மூச்சு வாங்கியது.

"மாவாட்டுறதுக்குத்தான் மெஷின் வாங்கித் தரல. இதையும் நான்தான் சுத்தணுமா?"

"கருத்து பதிவு செய்யப்பட்டது," என்றார் தலைவர்.

இரண்டாவது பெட்டியில் மோட்டார் வைத்த மெஷின். பச்சை நிறம், உருளைகள், பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். விற்பனை அதிகாரி ஒரு சாண் வயரை விட்டார். இந்தப் பக்கம் போன வயர் அந்தப் பக்கம் பளபளவென்று செம்பாக வந்தது. தோல் அடியில் தூள்தூளாகக் கொட்டியது.

"தோல் முழுசா வராதா?" என்று கேட்டது தங்கை. எல்லாரும் திரும்பினார்கள். அன்றைய இருபதில் மூன்று வார்த்தை செலவாகியிருந்தது.

"தோலை வச்சு என்ன மேடம் பண்ணப் போறீங்க?"

"படிக்கணும்."

விற்பனை அதிகாரி சிரித்தார். தலைவர் சிரித்ததும் தராசும் சிரித்தார். "பேப்பரே படிக்காதவ வயரைப் படிக்கிறாளாம். ஏம்மா, உனக்கு இந்தப் பலகையை விட்டா வேற உலகமே இல்லையா? இது வந்தா உன் விரலெல்லாம் பிழைக்குமே."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவள் கட்டைவிரலில் வெட்டுப்படாத இடம் கிடையாது. பலகையை விட்டுக்கொடுத்தால் விரல் பிழைக்கும். ஆனால் மெஷின் வந்த மறுநாளிலிருந்து ட்ரம் எண், மீட்டர், வருஷம் எல்லாம் தூள். முறுக்குகளையும் உருளைகள் நசுக்கிவிடும். அவன் இருக்கிறானா இல்லையா என்பதை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே வாய் அதோடு மூடிவிடும்.

"சாம்பிள் இன்னும் நீளமா இருந்தா மெஷினோட வேகம் தெரியும் சார்," என்றார் விற்பனை அதிகாரி.

தராசு சுற்றுமுற்றும் பார்த்தார். "தலைவரே, இங்க ஒரு சாக்கு சும்மா கிடக்கு."

"அது வேணாம்ணே."

"ஏன்? இதுவும் வயர்தானே?"

"அண்ணே, சொன்னா கேளுங்க. அது வேணாம்."

தலைவரிடம் ஒன்றை வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னால் அது தீர்மானமாக நிறைவேறிவிடும். சாக்கின் வாயை அவரே அவிழ்த்தார், கைக்கு அகப்பட்ட நுனியை இழுத்து மெஷினில் விட்டார், பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

மெஷின் இழுத்தது. அந்தத் துண்டு ஐந்தாறு மீட்டர்தான் இருக்கும், இப்போது தீர்ந்துவிடும் என்று தங்கை எண்ணிக்கொண்டு நின்றாள். 212 என்ற அச்சு உருளைக்குள் போனது. தீரவில்லை. துண்டின் மறுமுனை சாக்கிலிருந்து வெளியே வந்தபோது அதன் வாலில் இன்னொரு துண்டு கோத்துக்கொண்டு வந்தது. 160. நடுவில் புது டேப், பசை காயாத மாதிரி மினுமினுப்பு.

அவள் எதையும் கோக்கவில்லை. ஒவ்வொன்றையும் தனியாகச் சுருட்டித் தனியாகக் கட்டியிருந்தாள். கட்டிய கயிறுகள் சாக்கு வாயில் அவிழ்ந்து கிடந்தன, முடிச்சு வெட்டாமல், பொறுமையாக அவிழ்த்து.

118 போனது. டேப். 71 போனது. டேப்.

"அடேங்கப்பா, என்ன வேகம்!" என்றார் தலைவர்.

சாக்கு சுருங்கிக்கொண்டே வந்து தரையில் படிந்தது. 40 என்ற துண்டும் சாக்கை விட்டு வெளியே வந்தது. அப்புறமும் வயர் வந்தது. வெறும் சாக்கின் அடியில் ஒரு கிழிசல். அந்தக் கிழிசலுக்குப் பின்னால், மழைத்தண்ணீர் போவதற்காகப் பின்சுவரின் அடியில் விட்டிருந்த ஓட்டை. வயர் அந்த ஓட்டைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது, சந்துப் பக்கத்திலிருந்து.

திடீரென்று அது நின்றது. சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் தரையை விட்டு எழும்பி விறைத்தது. உருளைகள் முனகின. மெஷின் மேஜையோடு ஒரு விரற்கடை நகர்ந்தது, சுவரை நோக்கி.

"எங்கயோ மாட்டிக்கிச்சு," என்றார் விற்பனை அதிகாரி. அவர் குரலில் டை கொஞ்சம் தளர்ந்திருந்தது.

தங்கை சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். முனகல் அடங்கியது. கடையில் அவ்வளவு நிசப்தத்தை அவர்கள் கேட்டதில்லை. தலைவர் இருக்கும்போது அதற்கு வாய்ப்பும் இருந்ததில்லை. அவள் விறைத்திருந்த வயரின் மேல் கையை வைத்தாள். ஒரு கையைப் பிடித்தால் இருக்கிற சூடு அதில் இருந்தது. சுவரோரம் தெரிந்த அச்சைப் படித்தாள். மீட்டர் 2.

அவன் ட்ரம் தீர்ந்துவிட்டது.

அப்போது வயர் அசைந்தது. இரண்டு இழுப்பு. கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடி இரண்டு.

சுவருக்குள் குழாயில் வயர் இழுக்கும்போது ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அதனால் வயரை இழுத்தே பேசிக்கொள்வார்கள். ஒரு இழுப்பு என்றால் நில், இரண்டு என்றால் கொடு. அவர்கள் வீட்டுக்கு வயர் போட்டபோது அவள்தான் அவனுக்கு மறுமுனை. ஒரு நாள் முழுக்கச் சுவரோடு பேசியிருக்கிறாள்.

"எவன்டா அது?" தலைவர் சுவரைப் பார்த்துக் கத்தினார். "சங்கத் தலைவர் கடையிலயே கைவரிசையா?" கத்தியபடியே மண்டியிட்டு, தொந்தி தரையில் பட, ஓட்டையில் கண்ணை வைத்தார்.

ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். எழுந்திருக்கும்போது தராசைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

"என்னங்க?" என்றாள் அண்ணி.

"கை."

"எந்தக் கைண்ணே?" என்று கேட்டாள் தங்கை.

தலைவர் தன்னுடைய இடக்கையை மெல்ல உயர்த்தினார். பிறகு, அது யாருடையதோ என்பதுபோல அதைக் கீழே இறக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"ஆளு?"

"கை மட்டும்தாம்மா தெரிஞ்சுது. அதுக்கு மேல..." அவர் நாக்கு முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டது. "அதுக்கு மேல சந்துதான் இருக்கு."

வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடினால் ஐம்பது அடியில் சந்து. கால் கிளம்பத்தான் செய்தது. ஆனால் ஓட வேண்டுமென்றால் வயரை விட வேண்டும். விடாமல் நின்றாள். நிற்கும்போதே அவளுக்குப் புரிந்தது. உயிரோடு இருக்கிறவன் இத்தனை தூரம் வந்துவிட்டுச் சுவருக்குப் பின்னால் நிற்கமாட்டான். வாசல் வழியாக வருவான், டீ கேட்பான், மச்சானைக் கிண்டல் பண்ணுவான். துணியைத் தூக்கிய அன்றைக்கு அண்ணன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சரியாகப் பார்த்திருந்தார்.

மூன்று வருஷ முள் அந்த இடத்தில் உருவப்பட்டது. வலித்தது. ஆனால் முள் போய்விட்டது.

இரண்டு இழுப்பு வந்தது.

பலகையிலிருந்து பிளேடைக் கழற்றினாள். மெஷினின் வாயருகே வயரை அறுத்தாள். மெஷின் தின்றது மெஷினுக்கு. மிச்சம் அவள் கையில் தொங்கியது. குவியலில் இருந்து ஒரு நல்ல சுருளாகப் பார்த்து எடுத்து, நுனி உரித்து, தனக்கு வந்த மாதிரி வலப்பக்கமாக முறுக்கினாள். டேப் சுற்றினாள்.

"ஏம்மா, அது நேத்து வந்த புது..." என்று அண்ணி ஆரம்பித்தாள். தலைவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

தங்கை வயரைத் தளர்த்தினாள். அது உடனே நகரத் தொடங்கியது. அவசரம் இல்லை, பறிப்பு இல்லை. வேலை தெரிந்தவன் இழுக்கிற இழுப்பு, ஒரு முழம், ஒரு முழம். அவள் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிக்கு விழாமல் விரல்களுக்கு நடுவில் ஓடவிட்டாள். முறுக்கின இடம் ஓட்டையில் நுழையும்போது மறுபக்கம் ஒரு கணம் தயங்கியது. தடவிப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு அதையும் ஏற்றுக்கொண்டு இழுத்தது.

விற்பனை அதிகாரி பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தார். தராசு, எவ்வளவு போகிறது என்று எடை பார்க்காமல் நின்றார். யாரும் அவரைப் பார்க்கச் சொல்லவும் இல்லை.

"எவ்வளவு நேரம்மா குடுப்பே?" தலைவர் கேட்டது கிசுகிசுப்பாக இருந்தது. கூட்டத்தில் அவருக்கு இப்படி ஒரு குரல் இருப்பது யாருக்கும் தெரியாது.

"நில்லுன்னு சொல்ற வரைக்கும்."

அரைச் சுருள் போயிருந்தது. அவள் அடுத்த சுருளைக் காலால் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.